நடைபாதையின் அகலம் எவ்வளவு?

முதலில் ஒரு கணக்கு. ஆறாம் தரப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

ஒரு வீதியின் ஓரத்தில் 2 மீற்றர் அகலமான நடைபாதை 300 மீற்றர் தூரத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. அதன் 120ஆவது மீற்றரில், பாதையின் நடுவே ஒரு மின்கம்பம் நிற்கிறது. கம்பத்துக்கும் பக்கத்துக் கடைச் சுவருக்கும் இடையில் 60 சென்ரிமீற்றர் இருக்கிறது. மறுபக்கத்திலும் அவ்வளவுதான், அதற்கு அப்பால் வீதி. அப்படியானால் இந்த நடைபாதையின் அகலம் எவ்வளவு?

ஒப்பந்தகாரரைக் கேட்டால் 2 மீற்றர் என்பார். அலுவலகத்தில் இருக்கும் வரைபடத்திலும் 2 மீற்றர் என்றுதான் இருக்கும். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரைக் கேட்டால் 60 சென்ரிமீற்றர் என்பார். மீதி 299 மீற்றருக்கும் பளிங்குக்கல் பதித்திருந்தாலும் அவருக்கு அதனால் பயன் இல்லை. 120ஆவது மீற்றரில் ஒன்றில் அவர் வந்த வழியே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் யாராவது இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி, பஸ் ஓடுகின்ற வீதியில் இறக்கிவிட வேண்டும்.

ஒரு நடைபாதைக்கு அகலம் என்று ஒன்று இருந்தால் அது அதன் மிக ஒடுங்கிய இடத்தின் அகலமே. இதை ஏற்றுக்கொண்டால் நம்முடைய வேலை எளிதாகிவிடும். ஊரிலுள்ள எல்லா வீதிகளையும் திருத்தச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. ஒடுங்கிய இடங்கள் எவை என்று கண்டுபிடித்தால் போதும். அதற்குப் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு அளவு நாடாவும் ஒரு கொப்பியும் காலும் இருந்தால் செய்யலாம். புவியியலுக்கும் குடியுரிமைக் கல்விக்கும் செயற்றிட்டம் தேடி அலைகின்ற மாணவிகளுக்காகவும், அவர்களைத் தினமும் அதே வீதியில் அனுப்பிவைக்கின்ற பெற்றோருக்காகவும் அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

வீதியில் இல்லாதவர்கள்

அளக்கத் தொடங்குமுன் ஒரு நாள் சும்மா நின்று பார்க்க வேண்டும். காலையிலோ அஸருக்குப் பிறகோ, சந்தைக்குப் பக்கத்தில் பாதுகாப்பான ஓர் இடத்தில் நின்று, நடந்து போகிறவர்களில் முதல் நூறு பேரை எண்ணுங்கள். பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, பை தூக்கிய பெண்கள் எத்தனை, முதியவர்கள் எத்தனை, ஊன்றுகோலுடன் எத்தனை, குழந்தை வண்டி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 12.4 வீதம். 5 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 வீதத்தினருக்குப் பார்வை, கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோ ஒரு சிரமம் இருப்பதாக அதே மதிப்பீடு கூறியது. அப்படியானால் நீங்கள் எண்ணிய நூறு பேரில் பன்னிரண்டு முதியவர்களாவது இருக்க வேண்டும். சிரமம் உள்ளவர்கள் எட்டு, ஒன்பது பேர் இருக்க வேண்டும். கேட்டல் குறைவு வெளியே தெரியாது, எனவே இரண்டாவது எண்ணிக்கையைக் கண்ணால் சரிபார்க்க முடியாது. அதைக் கழித்துவிட்டாலும், நூறு பேரில் ஒரு சக்கர நாற்காலியோ ஒரு வெள்ளைப் பிரம்போ கண்ணில் படாமல் போனால், மற்றவர்கள் எங்கே என்ற கேள்வி எழ வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு மூத்தம்மா இருக்கிறார். ஒரு காலத்தில் கிளினிக்குக்கும் மையித்து வீட்டுக்கும் பிள்ளைப்பேறு பார்க்கவும் ஊர் முழுக்க நடந்து திரிந்தவர். இப்போது ஓட்டோ வந்தால்தான் வெளியே வருவார். ஏன் என்று கேட்டால், “கால் ஏலா மகள்” என்பார். வீட்டுக்குள்ளே அவர் காலை முதல் இரவு வரை ஓய்வதில்லை. கிணற்றடி, குசினி, கோழிக்கூடு என்று நடந்துகொண்டே இருக்கிறார். விசாரித்துப் பார்த்தால், தெருமுனையில் வடிகானின் இரண்டு மூடிகள் உடைந்த மழைக்காலத்திலிருந்துதான் அவருடைய கால் “ஏலாமல்” போயிருக்கிறது. அன்றிலிருந்து கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஓட்டோக் காசு. காசு இல்லாத மாதத்தில் கிளினிக்கும் இல்லை. இதை எந்த அலுவலகமும் விபத்து என்று பதிவு செய்யாது. விழுந்தவர்களுக்குத்தான் பதிவு இருக்கிறது. விழுந்துவிடுவோம் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களுக்கு இல்லை.

விழுந்தவர்களின் கணக்கும் சிறியதல்ல. 2021ஆம் ஆண்டில் உலகில் வீதி விபத்துகளால் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. 5 வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டோரின் இறப்புக்கு முதற் காரணம் எந்த நோயும் அல்ல, வீதி விபத்தே. இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருக்கும் மாணவிகள் எல்லோரும் அந்த வயதுக்குள் அடங்குகிறார்கள்.

பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற நபிமொழியை நாம் சிறு வயதில் மத்ரஸாவிலேயே படித்துவிட்டோம். முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டித்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். உடைந்த வடிகான் மூடியும் அதே கணக்கில் சேரும் என்று நான் நினைக்கிறேன். அதை அகற்றக் கை மட்டும் போதாது, கடிதமும் வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான்.

ஒரு கம்பும் ஒரு நாடாவும்

எந்த வீதியைத் தெரிவு செய்வது? கல்லூரி வாசலிலிருந்து பஸ் நிலையம் வரை, அல்லது வீட்டிலிருந்து வைத்தியசாலை வரை, எல்லாமாக 500 மீற்றருக்கு மேற்படாமல் ஒரு வழி. அதைவிட நீண்டால் அளக்கிறவர்களும் களைத்துப்போவார்கள், படிக்கிற அதிகாரியும் களைத்துப்போவார். நான்கு, ஐந்து பேர் கொண்ட குழு போதும். அதிபரின் அனுமதியும் கூடவே ஓர் ஆசிரியையோ பெற்றோரோ கட்டாயம். அளக்கும்போது யாரும் வீதியில் இறங்கக் கூடாது. நாடாவைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து வீதிக்குள் போய்விடுவது எல்லோருக்கும் வருகிற பழக்கம். அதனால் ஒருவருடைய வேலை அளப்பது அல்ல, வாகனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே.

கருவிகளில் முக்கியமானது ஒரு கம்பு. பழைய விளக்குமாற்றுத் தடி ஒன்றைச் சரியாக 90 சென்ரிமீற்றருக்கு வெட்டிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி தடையின்றிப் போவதற்கு வேண்டிய மிகக் குறைந்த அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான். கம்பைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நடந்து வாருங்கள். எங்கே அது சுவரிலும் கம்பத்திலும் ஒரே நேரத்தில் முட்டுகிறதோ அங்கே சோக்கால் ஒரு கோடு. கடைப் பெட்டியிலோ நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளிலோ முட்டினாலும் கோடுதான். 500 மீற்றர் முடிந்ததும் கோடுகளை எண்ணினால் அந்த வீதியைப் பற்றிப் பாதி விடயம் தெரிந்துவிடும். 90 சென்ரிமீற்றர் என்பது உயிர் பிழைக்கிற அளவுதான், நல்ல அளவு அல்ல. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீற்றர் வேண்டும். அயல்நாடான இந்தியாவில் நடைபாதைகளுக்காக 2012இல் வெளியிடப்பட்ட வழிகாட்டியும் தடையில்லாத அகலம் 1.8 மீற்றருக்குக் குறையக் கூடாது என்கிறது. தாயும் குடை பிடித்த மகளும் கைகோத்துப் போகவும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும்.

தலைக்கு மேலும் பாருங்கள். விளம்பரப் பலகை, கடையின் தகரக் கூரை, தாழ்ந்து தொங்கும் வேப்பங்கிளை, டெலிபோன் வயர். 2.1 மீற்றருக்குக் கீழே எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். கண் தெரிகிறவர் தலையைக் குனிந்து போய்விடுவார். வெள்ளைப் பிரம்பு நிலத்தைத்தான் தட்டும், தகரத்தின் விளிம்பை அது காட்டிக்கொடுக்காது.

பிறகு நிலம். சமதரையில் திடீரென்று எழும் சிறிய விளிம்புதான் ஆட்களை விழுத்துகிறது. ஓர் அடி உயரப் படி எல்லோருக்கும் தெரியும், ஒரு விரல் உயரப் படி தெரியாது. அமெரிக்காவின் அணுகல் தராதரங்களில் 13 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட எந்த உயர வேறுபாட்டுக்கும் சாய்வு அமைக்க வேண்டும் என்று இருக்கிறது. வடிகான் கம்பித் தட்டின் இடைவெளிக்கும் அங்கே அதே 13 மில்லிமீற்றர்தான் எல்லை. நமது சிறுவிரல் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ அவ்வளவு. எனவே வேறு கருவி வேண்டாம், சிறுவிரலை வைத்துப் பாருங்கள். இடைவெளிக்குள் விரல் தாராளமாக இறங்கினால் ஊன்றுகோலின் நுனியும் குழந்தை வண்டியின் முன் சக்கரமும் இறங்கக்கூடும்.

சாய்வு பற்றிய கணக்கு மாணவிகளுக்குப் பிடிக்கும். சாய்வுப் பாதைக்குப் பல நாடுகளிலும் ஏற்கப்பட்ட அளவு 1:12. அதாவது 1 சென்ரிமீற்றர் உயர 12 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். சரியாக 1 மீற்றர் நீளமான ஒரு பலகையும் மேசனாரிடம் இரவல் வாங்கிய நீர்மட்டமும் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு முனையைச் சாய்வின் மேல் வைத்து, மறுமுனையை மட்டம் வரும்வரை உயர்த்துங்கள். உயர்த்திய முனைக்கும் தரைக்கும் இடையே 8 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வரை இருந்தால் சரி. 15, 20 என்று வந்தால் அது சக்கர நாற்காலிக்கான பாதை அல்ல. நமது பொதுக் கட்டடங்களின் வாசல்களில், சாய்வு வைத்தோம் என்று சொல்வதற்காக மட்டும் வைக்கப்பட்டவை சில உண்டு. அவற்றில் ஏறுவதைவிட அருகிலுள்ள படியில் ஏறுவது இலகு.

சில நகரங்களின் நடைபாதைகளில் மஞ்சள் நிறத்தில் மேடு பள்ளமான கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்காகப் போடப்பட்டவை அல்ல. பார்வையை இழந்துகொண்டிருந்த தன் நண்பர் ஒருவருக்காக யப்பானியரான செய்இச்சி மியாக்கே 1965இல் கண்டுபிடித்தவை. 1967 மார்ச்சில் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகிலிருந்த கடவையில்தான் அவை முதன்முதலில் பதிக்கப்பட்டன. நீளக் கோடுகள் இருந்தால் ‘இந்தத் திசையில் போகலாம்’ என்று அர்த்தம். புள்ளிகள் இருந்தால் ‘நில், முன்னால் ஏதோ இருக்கிறது’ என்று அர்த்தம். காலால் படிக்கிற எழுத்து என்று சொல்லலாம். எழுத்துப் பிழை விட்டால் ஆபத்து. கோட்டுக் கல் ஒரு மின்கம்பத்தில் போய் முடிந்தாலோ, வீதியின் விளிம்பில் புள்ளிக் கல் இல்லாமல் போனாலோ, அந்தக் கல்லை நம்பி வந்தவருக்குக் கல்லே இல்லாதிருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் வழியில் இந்தக் கற்கள் இருந்தால் ஒவ்வொரு வரிசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. சில பாடசாலைகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பதை ஒரு பயிற்சியாகச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டினவருக்குத் தெரிவது பயம் மட்டுமே; பல வருடம் பிரம்போடு நடந்தவருக்குத் தெரிவது வீதி. ஊரிலே அப்படி ஒருவர் இருப்பார். அவரையோ அவருடைய குடும்பத்தையோ மரியாதையாகக் கேட்டு, விருப்பமானால் ஒரு நாள் உங்களோடு நடக்கச் சொல்லுங்கள். அவர் நிற்கிற இடங்களை மட்டும் குறித்துக்கொண்டாலே உங்கள் அறிக்கையின் பெறுமதி கூடிவிடும்.

மழையும் இருட்டும்

ஒரே வழியை மூன்று தடவை பார்க்க வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் ஒரு தடவை, நல்ல மழைக்குப் பிறகு ஒரு தடவை, மஃரிபுக்குப் பின் பெற்றோருடன் ஒரு தடவை. கிழக்கிலே மாரி பெய்யும் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் வடிகானும் நடைபாதையும் வீதியும் ஒரே நிறத் தண்ணீராகிவிடும். வெயிலில் எல்லோரும் தாண்டிப் போகிற உடைந்த மூடி, அன்றைக்கு உயிரை வாங்கக்கூடிய குழி. அதனால் வெயில் நாளில் எடுத்த பட்டியலில் மூடியில்லாத இடங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு குறி போடுங்கள்.

இருட்டில் பார்க்க வேண்டியது விளக்குக் கம்பங்களின் எண்ணிக்கை அல்ல, நிலம் தெரிகிறதா என்பதுதான். விளக்கு எரியும், ஆனால் வெளிச்சம் முழுவதும் வீதியின் நடுவில் விழும், நடைபாதை மரநிழலில் கிடக்கும். பிரத்தியேக வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் அந்த நிழலுக்குப் பயந்து வெளிச்சமுள்ள வீதியின் நடுவுக்கு வருகிறார்கள். வாகனக்காரர் பிள்ளைகளைத் திட்டுவார். பிள்ளைகள் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். மகள்மாரை மாலை வகுப்புக்கு அனுப்பலாமா என்று பல வீடுகளில் நடக்கிற விவாதத்தில் பாதி, இந்த இருபது, முப்பது மீற்றர் இருட்டைப் பற்றியதுதான்.

வீதியைக் கடக்க எத்தனை செக்கன்?

நடைபாதை நன்றாக இருந்தாலும் எங்காவது வீதியைக் கடந்துதான் ஆக வேண்டும். ‘மஞ்சள் கடவை’ என்று நாம் பழக்கத்தில் சொல்கிற பாதசாரிக் கடவைக்குப் போய் வீதியின் அகலத்தைக் கேட்டோ காலடியால் மதிப்பிட்டோ எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஒழுங்கை கொண்ட வீதி ஒன்று 7 மீற்றர் என்று வைப்போம். வளர்ந்த ஒருவர் செக்கனுக்கு ஏறத்தாழ 1.2 மீற்றர் நடப்பார் என்று எடுத்துக்கொண்டுதான் வழக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். அவருக்கு 6 செக்கன் போதும். மூத்தம்மா ஒருவர் செக்கனுக்கு 0.8 மீற்றர்தான் நடப்பார். அவருக்கு ஏறத்தாழ 9 செக்கன் வேண்டும்.

இப்போது வாகனத்தின் பக்கம் வருவோம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். 9 செக்கனில் அந்த வாகனம் 125 மீற்றர் வந்துவிடும். ஆகவே மூத்தம்மா பாதுகாப்பாகக் கடக்க வேண்டுமானால், அவர் காலை எடுத்து வைக்கும்போது 125 மீற்றர் தூரம் வரை வீதி வெறுமையாகத் தெரிய வேண்டும். கடவையின் ஓரத்தில் நின்று பாருங்கள். 40 மீற்றரிலேயே வளைவு இருக்கிறதா? பக்கத்தில் பஸ் நிறுத்தி வைக்கிறார்களா? சிறு பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்தும் பாருங்கள். நிறுத்தி வைத்த ஒரு கார் நமக்குத் தடையல்ல, முதலாம் தரப் பிள்ளைக்கு அது மதில்.

வேகம் இரட்டிப்பானால் மோதலின் சக்தி இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது என்பதை விஞ்ஞான பாடத்தில் இயக்கசக்திச் சூத்திரமாகப் படித்திருப்பீர்கள். 60 கிலோமீற்றரில் வருகிற வாகனம் 30இல் வருவதைவிட நான்கு மடங்கு பலமாக அடிக்கிறது. பாடசாலை வாசலில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு இதைவிட வேறு வாதம் தேவையில்லை.

வீதி யாருடையது?

இதைத் தெரியாமல் எழுதப்படுகிற கடிதங்கள்தான் பெரும்பாலும் பதிலில்லாமல் போகின்றன. நமது ஊர் வீதிகள் எல்லாம் ஒரே அலுவலகத்துக்குச் சொந்தமானவை அல்ல. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதி அப்படிப்பட்டது. காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கிற பகுதியும் அதன் ஒரு துண்டுதான். சீ, டீ தர வீதிகள் மாகாணத்தின் வீதித் திணைக்களத்துக்கு உரியவை. மீதி உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் கையில். மின்கம்பம் மின்விநியோக நிறுவனத்துடையது. குழாய் புதைக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் என்றால், தோண்டியவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

எனவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே உரிமையாளர் என்று ஒரு நிரல் வையுங்கள். அந்த நிரலில் பல இடங்களுக்கு எதிரே எந்தச் சபையின் பெயரும் வராது. நம்முடைய பெயர்தான் வரும். பெற்றோர் கோபிக்க வேண்டாம். வீட்டுக்கு மேல்மாடி கட்டும்போது பறித்த மணலும் சல்லிக்கல்லும் ஆறு மாதமாக நடைபாதையில் கிடப்பது யாருடையது? கேற்றுக்குள் வாகனம் ஏற வேண்டும் என்று நடைபாதையின் முழு அகலத்துக்கும் கொங்கிறீட் சாய்வு போட்டு, அதனால் அடுத்த வீட்டு வடிகானும் அடைபட்டுப் போனது யாரால்? ஜும்ஆவுக்குப் போகிற அவசரத்தில் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துகிறோம்? இவற்றைத் திருத்தப் பாதீடு எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமையில் பள்ளிவாசலில் ஓர் அறிவித்தல், வீட்டுக்காரரோடு பண்பாக ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

நடைபாதை வியாபாரிகள் விடயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பழக்கூடை வைத்திருப்பவரின் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். ‘அகற்றுங்கள்’ என்று எழுதுவதற்கு முன், கூடையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் 90 சென்ரிமீற்றர் கம்பு போகுமா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அவரே நகர்த்தி வைப்பார். கம்பைக் கையில் வைத்திருப்பதன் நன்மை அது. ‘இடைஞ்சல்’ என்றால் சண்டை வரும், ‘இன்னும் நான்கு விரல் வேண்டும்’ என்றால் வராது.

கடிதம் எழுதுதல்

நடைபாதைகள் மிகவும் மோசமான நிலையில் உள்ளன, உரிய நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதினால், கோவையில் போட்டு வைப்பதைத் தவிர அதிகாரிக்கு வேறு வழியில்லை. எதைத் திருத்துவது, எவ்வளவு சீமெந்து, எத்தனை நாள் வேலை என்று அதிலே எதுவும் இல்லை. மாறாக, உதாரணத்துக்கு, இப்படி எழுதலாம்: ‘கல்லூரியின் பின்வாசலிலிருந்து மருந்தகம் வரையுள்ள நடைபாதையில் மூன்று வடிகான் மூடிகள் இல்லை. ஒவ்வொன்றும் 60 சென்ரிமீற்றர் நீளம், 45 சென்ரிமீற்றர் அகலம். இடங்கள் வரைபடத்தில் 4, 5, 9 எனக் குறிக்கப்பட்டுள்ளன. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.’ இதைப் படிக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாற்காலியை விட்டு எழும்பாமலே மதிப்பீடு போடலாம். படம் எடுக்கும்போது ஆட்களின் முகமும் வாகன இலக்கமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் நடப்பவர் வேறு வழியின்றி வீதியில் இறங்க வேண்டியிருக்கிறதோ அதுவே முதலாவது. அவற்றிலும் மூன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். மூன்றில் ஒன்றாவது மூடி போடுவது போன்ற சிறு செலவு வேலையாக இருக்கட்டும். மின்கம்பத்தை இடம் மாற்றுவதற்குச் சபையும் மின்விநியோக நிறுவனமும் பேசிப் பணம் ஒதுக்க வேண்டும், அது நாளாகும். சபைகளின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை ஆண்டின் கடைசி மாதங்களில்தான் தயாரிக்கிறார்கள். கடிதம் செப்டெம்பருக்குள் போய்ச் சேர்வது நல்லது. மாணவர் பாராளுமன்றத்தின் பெயரில் எழுதி, பாடசாலை அபிவிருத்திக் குழுவிலுள்ள பெற்றோரும் ஒப்பமிட்டால் அதற்கு நிறை கூடும்.

கேட்பது சலுகையல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் இருக்கிறது. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் அவர்கள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் அதன்கீழ் 2006இல் வெளிவந்தன. விதி வந்தது, கட்டடங்கள் மாறவில்லை. அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராகவும் இருந்த இரசாயனவியலாளர் அவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கார்மீது வீதியோர மரம் விழுந்ததில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். அவர் தொடுத்த வழக்கில் 2011இல் நீதிமன்றம் அந்த விதிகள் பின்பற்றப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2020இல் காலமாகும்வரை அஜித் பெரேரா சாய்வுப் பாதைகளை அளந்துகொண்டும் எழுதிக்கொண்டும்தான் இருந்தார்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். ‘இந்த வீதியின் நடைபாதைத் திருத்தத்துக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது’ என்று சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். இந்த விண்ணப்பத்தில் ஒப்பமிடுவதை உம்மாவிடம் விடலாம். பிள்ளை எழுதிக் கொடுக்க உம்மா ஒப்பமிடுவதும் ஒரு பாடம்தான், இருவருக்கும்.

ஒரு மூடியைப் போட்டுவிட்டார்கள் என்றால், சந்தோஷத்தோடு மறுநாளே கம்பை எடுத்துக்கொண்டு போங்கள். புதிய மூடி பழைய தரையைவிட ஒரு விரல் உயரமாக இருக்கக்கூடும். அதையும் எழுதுங்கள், நன்றி சொல்லும் கடிதத்தோடு சேர்த்து. வரைபடம், அளவுக் கொப்பி, அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு நூலகத்தில் வையுங்கள். அடுத்த வருடம் அதே தரத்துக்கு வருகிற பிள்ளைகள் அதே 500 மீற்றரை அதே கம்பால் அளக்கட்டும். கம்பில் 90 என்று ஆணியால் கீறி வைத்தால் நிறம் அழிந்தாலும் தெரியும்.